லைப்ரரிகளைக் குடிமாற்றிய கதை

மென்பொருள் கம்பெனியில் 'பில்டு' பார்ப்பவனை, அதாவது நிரல்களையெல்லாம் ஒன்றுசேர்த்து ஓடவைப்பவனை, எல்லாம் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. நின்றால் அத்தனை பேரும் அவன் மேசைக்கு வந்துவிடுவார்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரை நாள் காத்திருப்பு

கிளினிக்குகளில் மருந்து லேபிள் அச்சடிக்கும் மென்பொருள் எங்களுடையது. அதில் பாதி, வெளியார் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்; லைப்ரரிகள் என்போம். அவற்றையும் எங்கள் நிரலோடு சேர்த்து, ஒவ்வொரு பதிப்பையும் சேமித்துவைக்கும் 'கிட்'டிலேயே வைத்திருந்தோம். புதிதாக வேலைக்குச் சேருபவர் அதை இறக்கி முடிக்கவே மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். லைப்ரரிகளை மட்டும் கிளவுடுக்கு மாற்றிவிடலாம் என்றேன். பக்கத்து இருக்கை நிர்மலாவுக்குப் பிடிக்கவில்லை. சிங்கப்பூரில், காத்தோங்கில் பிறந்து வளர்ந்தவர்; நிதானமாகத்தான் பேசுவார்.

"சேர்ந்தே இருக்கட்டும்லா, சேகர். பிரிச்சு வச்சா, தேவைப்படுற அன்னிக்கு ஒண்ணு இருக்கும், இன்னொண்ணு இருக்காது."

தேக்காவில் ஒரு மதியம்

வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். லைப்ரரிகளைக் கிளவுடுக்கு மாற்றி, கிட்டில் இருந்த பழைய பதிப்புகளின் வரலாற்றையும் வெட்டி, எடையைக் குறைத்தேன். சில மாதங்களில் நிர்மலாவுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்தது. மூன்று வருடம் தினமும் சேர்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். கடைசி நாள் தேக்கா சந்தை உணவுக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒன்று சொல்ல வேண்டும் என்று போயிருந்தேன். வாயைத் திறந்தால், லைப்ரரிகளைப் போட்டுவைத்த கிளவுட் 'பக்கெட்'டுக்கு இனி யார் பொறுப்பு என்பதுதான் வந்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கடைசி நாள்லயும் பக்கெட் பத்தித்தான் பேசுவீங்களா?"

கடைசி வரி

ஒரு காலை, தோ பாயோ கிளினிக்கிலிருந்து நர்ஸ் மேரி அக்கா கூப்பிட்டார். நோயாளியின் பெயர் நீளமாக இருந்தால் லேபிளின் கடைசி வரி விழவில்லை. எத்தனை மாத்திரை என்பது அந்த வரியில்தான் இருக்கும். திருத்தம் ரொம்பச் சின்னது. ஆனால் பில்டு ஓடவில்லை. பழைய கோப்புகளைத் தானாக அழிக்கும்படி யாரோ பக்கெட்டில் விதி போட்டிருந்தார்கள். அச்சு லைப்ரரி போயே போய்விட்டது. அதை எழுதியவரும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார். மேரி அக்காவிடம் கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

"கையால எழுதித்தான் குடுக்கிறேன், தம்பி. கை வலிச்சா பரவால்ல. எங்கயாவது ஒண்ணு மாத்தி எழுதிடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

மெல்பர்ன் அழைப்பு

வேறு வழி தெரியாமல் நிர்மலாவைக் கூப்பிட்டேன். போனபிறகு அதுதான் முதல் தடவை. நான் வரலாற்றை வெட்டுவதற்கு முந்தின நாள், முழு கிட்டையும் வேறு பெயரில் நகலெடுத்து ஆபீஸ் சர்வரிலேயே வைத்திருந்தாராம். அவர் சொன்ன இடத்தில் அச்சு லைப்ரரி அப்படியே இருந்தது. மதியத்துக்குள் லேபிளில் கடைசி வரி விழுந்தது. மேரி அக்கா பேனாவை மூடிவைத்தார்.

நன்றி சொல்ல மறுபடி கூப்பிட்டேன். அங்கே குளிரா என்று கேட்டேன். குளிர்தான் என்றார். சரி, வைக்கட்டுமா என்றேன்.

"வேற ஒண்ணும் இல்லையா, சேகர்?"

இல்லை என்றுதான் சொன்னேன். இப்போது லைப்ரரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடத்தில் நகல் வைக்கும் அளவுக்குப் புத்தி வந்திருக்கிறது, வர வேண்டிய மற்ற புத்திதான் இன்னும் வரவில்லை.