கேள்விக்குறியோடு ஒரு குசலம்

எங்கள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார். கமா, புள்ளி எதையும் விடமாட்டார். இன்னொருவர் அச்சுத்தாளில் கண்ணை ஓட்டித் திருத்துவார். படிப்பவர் நடுவில் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது.

படிப்பவர் கமாக்கா. கடைக்காரரிடமும் வெங்காயம் கமா தக்காளி கமா என்று கேட்டவர். திருத்துபவள் அவருடைய நாத்தனார். பக்கம் அமைக்கும் நான் அடுத்த மேசை.

இருவரும் பேசி நாலு வருஷமாகிறது. கமாக்காவின் கணவர் இறந்த அன்று அவர் தங்கையான இவள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தாள். "எல்லாம் முடிஞ்ச பிறகு எதுக்கு வந்தே?" என்று கூட்டத்தின் நடுவில் கேட்டுவிட்டார் கமாக்கா. அவளுக்குச் செய்தி போனதே மதியத்துக்கு மேல்தான். அதுவரை அண்ணி படிக்க வேண்டியதையும் தானே படித்து இங்கே தனியாகத் திருத்திக்கொண்டிருந்தாள் பாவம். ஒரு வாரத்தில் கமாக்காவுக்கு இது தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான். தினமும் எட்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து வாய் ஓயாமல் படித்தும் ஒரு வார்த்தை பேசாமலிருக்கத் தனி வீம்பு வேண்டும்.

மாதக் கடைசியில் நாத்தனார் வேலையை விட்டு மகளோடு இருக்கப் போகிறாள். இன்னும் நாலே நாள்.

அன்று பழஞ்சொல் அகராதியில் 'பேச்சு' என்ற பகுதி.

"சம்பாஷணை, கமா, வடசொல், புள்ளி. சம் என்றால் கூடி, கமா, பாஷணம் என்றால் பேசுதல், புள்ளி."

நாத்தனாரின் பேனா நகர்ந்தது.

"அளவளாவுதல், கமா, மனம் கலந்து பேசுதல், புள்ளி. அளாவுதல் என்றால் கலத்தல், புள்ளி."

இங்கே கமாக்கா தண்ணீர் குடித்தார். தாகத்துக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

"குசலம் விசாரித்தல், கமா, நலம் கேட்டல், புள்ளி. உன் முட்டிவலி இப்ப எப்படி இருக்கு, கேள்விக்குறி."

பேனா நின்றது. நாத்தனார் தாளை மேலும் கீழும் தேடினாள்.

"இது இதுல இல்லையே அண்ணி."

"இல்லதான். நாலு வருஷமா விட்டுப்போச்சு. அன்னைக்கு நான் கேட்டது தப்பு. அத்தனை பேர் முன்னாடி கேட்டது அதைவிடத் தப்பு."

கமாக்கா வாயில் கமாவும் இல்லை, புள்ளியும் இல்லை.

நாத்தனார் ஓரத்தில் சேர்ப்புக்குறி போட்டு அந்தக் கேள்வியை எழுதினாள். பேனாவை மூடி வைத்தாள்.

"படி ஏறினா உயிர் போகுது அண்ணி. போற வரைக்கும் என் பையை நீங்கதான் தூக்கணும்."

"கொடு. இப்பவே கொடு."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நகரவேயில்லை. ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, அழுதுகொண்டு, நடுநடுவே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் எட்டிப் பார்த்து, ஏன் இவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டார்.

"பழைய பிழை சார். திருத்திட்டு இருக்காங்க" என்றேன்.