நூற்றுப் பன்னிரண்டாம் வரி

என் எள்ளுத்தாத்தா வீடு வீடாகப் போய் அம்மை குத்துபவராக இருந்தார். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுபவராகவும் இருந்தார். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பதினெட்டு வருடம் அரசு வேலை பார்த்திருக்கிறார்.

பெரியப்பா எந்தக் கல்யாணத்திலும் விடாமல் சொல்லும் கதை வேறு. ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, தாத்தா தன் ஐந்து மாத மகளுக்கு முதலில் குத்திக் காட்டினாராம். கை நடுங்கவே இல்லையாம். அந்த மகள்தான் என் கொள்ளுப்பாட்டி. இந்த இடத்தில் பெரியப்பாவின் குரல்தான் நடுங்கும்.

போன மாதம் அவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. உள்ளே தாத்தாவின் பதிவேடு, அவர் தன் தம்பிக்கு எழுதிய கடிதங்கள், மேலதிகாரி அனுப்பிய ஒரு கடுதாசி.

அந்தக் காலத்தில் அம்மை மருந்து சீசாவில் வந்து காத்திருக்காது. ஒரு குழந்தைக்குக் குத்தினால் எட்டாம் நாள் கையில் கொப்புளம் பழுக்கும். அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் தோலைக் கீறி வைக்க வேண்டும். அன்றைக்கு அடுத்த கை கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்தது. அதனால் பதிவேட்டில் 'எந்தக் கையிலிருந்து' என்றே ஒரு பத்தி உண்டு.

முதல் ஆள் என்று பெரியப்பா சொல்லும் குழந்தை அதில் நூற்றுப் பன்னிரண்டாவதாக இருக்கிறது. அதுவரை தாத்தாவின் ஒல்லி எழுத்து. அந்த ஒரு வரி மட்டும் குண்டு குண்டாக: 'குழந்தை: எங்கள் மகள். குத்தியவர்: தாய்.'

மிச்சத்தைக் கடிதம் சொல்கிறது. அன்று தச்சர் மகனின் கொப்புளம் பழுத்த நாள். அடுத்துக் குத்திக்கொள்ள வரவேண்டிய தையல்காரர் மகளை, பயந்துபோன அவள் அம்மா பிறந்த வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாள். பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் பெரியம்மை. புது மருந்து வர மூன்று வாரம் ஆகும். சளி, வெயில், பல் முளைக்கிறது என்று தன் மகளுக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டது மனைவி அல்ல, தான்தான் என்று தாத்தா தம்பியிடம் ஒப்புக்கொள்கிறார். உள்ளே குழந்தை அழுதது, மகனோடு தாத்தா வீட்டுத் திண்ணையில் காத்திருந்த தச்சர் மனைவியின் காதில் விழுந்துவிட்டது.

"ஊர்ப் பிள்ளைங்க கையெல்லாம் கீறத் தெரியுது. உள்ள ஒண்ணு கத்துதே, அது கை மட்டும் என்ன தங்கமா?"

தாத்தாவின் மனைவி குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்து உட்கார்ந்தார். தாத்தா சிறு கத்தியை எடுத்தார். அது ஆடிய ஆட்டத்தில் கீழே வைத்தார். மனைவி அதை எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு ஆழம்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

தாத்தா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொன்னார்: மேல்தோல்தான், இரத்தம் ஓடக் கூடாது, மூன்று இடம்.

"மயக்கம் வந்தா அந்தப் பக்கமா சாயுங்க. இந்தப் பக்கம் பாப்பா இருக்கா."

சொன்ன பக்கமே சாய்ந்ததாகக் கடிதத்தில் இருக்கிறது.

எழுந்தபின் அந்த வரியைத் தானே எழுதியிருக்கலாம், மேலே யாருக்கும் தெரிந்திருக்காது. பேனாவை மனைவியிடம் கொடுத்தார். விளைவு, மேலதிகாரியின் கடுதாசி: அங்கீகாரம் பெறாத ஒருவர் குத்தியது எப்படி? தாத்தா அனுப்பிய பதிலின் நகல் அதன் முதுகிலேயே இருக்கிறது: 'அங்கீகாரம் என்னிடம் இருந்தது. அன்று கை அவளிடம் இருந்தது.' வேலை தப்பியது. வரவிருந்த பதவி உயர்வு போயிற்று. இரத்தத்துக்குப் பயந்த மனிதர் மேலதிகாரிக்குப் பயப்படவில்லை. நம்மில் பலர் இதில் நேரெதிர்.

எட்டாம் நாள் பலனை எழுதும் பத்தியில் அதுவரை எல்லாக் குழந்தைக்கும் 'நன்று' என்று சிக்கனமாக எழுதியவர், மகளுக்கு 'மிக மிக நன்று' என்று கோட்டைத் தாண்டி ஓடவிட்டிருக்கிறார். அன்று காலையே மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தையல்காரர் மனைவி ஒளிந்திருந்த வீட்டுக்குப் போய், கொப்புளத்தைக் காட்டித் தாயையும் மகளையும் கையோடு அழைத்து வந்திருக்கிறார்.

நூற்றுப் பதின்மூன்றாம் வரி: 'தையல்காரர் மகள். எந்தக் கையிலிருந்து: 112. குத்தியவர்: நான்.' ஒல்லி எழுத்துதான். கொஞ்சம் கோணல்.