பதினோரு பேர் வெளியே வந்தார்கள்

அந்தத் தியேட்டர் கேன்டீனில் இருபத்திரண்டு வருஷமாகக் காபி ஊற்றுகிறவளுக்கு ஜட்ஜம்மா என்ற பெயர் சும்மா வரவில்லை. ஒரு படம் ஓடுமா, ஊத்திக்கொள்ளுமா என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் ஒரு படத்தைக்கூட உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை. அவள் பார்ப்பதெல்லாம் ஹால் கதவைத்தான். இடைவேளைக்கு முன்னால் எத்தனை பேர் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், வந்தவர்கள் எவ்வளவு நேரம் கேன்டீனில் நின்று அரட்டை அடிக்கிறார்கள் என்று பார்ப்பாள். அவ்வளவுதான் அவளுடைய சாஸ்திரம்.

அவார்டு சீசன் வந்துவிட்டால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. டிக்கெட் கொடுப்பவர், டார்ச் அடிப்பவர், போஸ்டர் ஒட்டுபவர் என்று ஆளாளுக்கு ஒரு கணிப்பு எழுதிக்கொண்டு வந்து அவளிடம் காட்டுவார்கள். வரப்போகிற படங்களையும் விட்டுவைக்க மாட்டாள். "டிரெய்லர் ஓடும்போதே பாப்கார்ன் வாங்க வர்றாங்கன்னா, அந்தப் படத்துக்கு யாரு வரப்போறா?" என்பாள். ஒரு தடவை விநியோகஸ்தர் ஒருவர் காரை நிறுத்தி இறங்கி வந்து அவளிடம் யோசனை கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவள் கால் தரையில் பாவவில்லை.

அவளுடைய தம்பி சினிமாவில் எடிட்டர். பத்து வருஷம் யார் யாரிடமோ அசிஸ்டென்டாகக் குப்பை கொட்டிவிட்டு, முதல்முதலாகத் தன் பெயரில் ஒரு படத்தை வெட்டி ஒட்டி முடித்திருந்தான். வெளியாவதற்கு முன்னால் ஒருநாள் காலை அதே தியேட்டரில் வேண்டியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இருநூறு பேர் இருக்கும். நாற்பதாவது நிமிஷம் கதவு திறந்தது. ஒருவர் வந்தார். பின்னாலேயே இரண்டு பேர். ஜட்ஜம்மா எண்ணிக்கொண்டே இருந்தாள். ஏழு நிமிஷத்தில் பதினோரு பேர்.

படம் முடிந்ததும் தம்பி நேராக அவளிடம்தான் வந்தான்.

"எப்படிக்கா?"

"நாப்பதாவது நிமிஷத்துல என்னடா வெச்சிருக்கே?"

"அந்த வயசான அம்மா சீன். ஓடிப்போன மகனோட சட்டையெல்லாம் எடுத்து மடிச்சு வைப்பாங்க. ஏன்?"

"பதினோரு பேர் எந்திரிச்சு வந்துட்டாங்க. ரொம்ப இழுக்குது. தூக்கிடு."

"துணை நடிகை அவார்டு அந்த அம்மாவுக்குத்தான்னு இப்பவே பேசிக்கிறாங்கக்கா. முப்பது வருஷமா கூட்டத்துல நின்னவங்க. அவங்களுக்குன்னு கிடைச்ச முதல் சீன் இது."

"பேசுறவங்க பேசுவாங்க. நான் என்னிக்காவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

தம்பி தலையைச் சொறிந்தான். அக்கா பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. மறுநாளே அந்த ஏழு நிமிஷமும் போனது.

படம் வெளியாகி, ஓடியும் ஓடாமலும் மூன்றாவது வாரத்தைத் தொட்டபோது அவார்டுப் பட்டியல் வந்தது. முன்கூட்டியே பார்த்தவர்கள் அத்தனை பேரும் அந்த அம்மாவைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தார்கள். பட்டியலில் அவர் பெயர் எந்த மூலையிலும் இல்லை. டிக்கெட் கொடுப்பவர் கொண்டுவந்த வாரப் பத்திரிகையில் அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ஆத்திரத்தைக் கொட்டியிருந்தார். "அன்றைக்கு அந்தக் காட்சியில் என்னால் உட்கார முடியவில்லை. அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வெளியே ஓடினேன். போய்ப் பார்த்தால் என்னைப் போல இன்னும் பத்துப் பேர். வெளியான படத்தில் அந்தக் காட்சியே இல்லை. எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ!"

புண்ணியவதி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை. அலுத்துப்போய் வெளியே வருகிறவர்கள் எதையாவது வாங்கிக் கொறிப்பார்கள் என்பது அவளே ஊருக்கெல்லாம் அளந்த கதை. அன்றைக்கு ஒரு பொட்டலம் பாப்கார்ன் விற்கவில்லை. பதினோரு பேரும் தண்ணீர் பாட்டில்தான் வாங்கினார்கள். தாட்டியான ஒரு மனிதர் வாஷ்பேசினில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. சிவந்த கண்களை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, உள்ளே ஏசி வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தம்பி படத்துக்கே தீர்ப்புச் சொல்லப்போகிற குஷி கண்ணை மறைத்துவிட்டது. இப்போது அதை நினைத்தாலே உடம்பெல்லாம் கூசியது. தயாரிப்பாளர் சத்தம் போட்டபோது தம்பி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டானாம். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த வாரமே தம்பி படத்தின் ஒரு மதியக் காட்சி. இடைவேளைக்குச் சற்று முன்னால் கதவு திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேன்டீனுக்கு வந்தார். போஸ்டரில் ஓரமாக இருந்த அதே முகம்.

"ஏம்மா, உங்க தியேட்டர்ல படத்தை முழுசாப் போட மாட்டாங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"இதுல நான் நடிச்சிருக்கேன். ஒரே ஒரு சீன். பேத்திக்குப் பரீட்சை முடியட்டும்னு காத்திருந்து, சம்பந்தி வீட்டு ஆளுங்களையும் சேர்த்து ஒன்பது பேரைக் கூட்டிட்டு வந்தேன். அவார்டு இல்லேன்னாப் போகுது, நடிச்சதையாவது பார்க்கட்டும்னு. அந்த இடம் வரவே இல்ல. மருமக என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு அங்க உட்கார முடியல."

"ஆமாம்மா. இங்க நேரமாச்சுன்னா இப்படித்தான் நடுவுல வெட்டிடுவாங்க. வேற தியேட்டர்ல முழுசா இருக்கும்."

வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. "அதானே பார்த்தேன்" என்று அந்த அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துபோனது. ஜட்ஜம்மாவுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இடைவேளையில் ஒன்பது பேரும் கேன்டீனைச் சுற்றி நின்றார்கள். "இவங்கதான் விஷயத்தைச் சொன்னாங்க" என்று அந்த அம்மா பெருமையாக ஜட்ஜம்மாவைக் காட்டினார்.

"நான்தான் சொன்னேனே, சம்பந்தியம்மா இல்லாததைச் சொல்ல மாட்டாங்கன்னு" என்றார் சம்பந்தி, தன் மனைவியைப் பார்த்து. அந்த மனைவி அசடு வழிந்தாள். மருமகள் போனை எடுத்து, "அத்தை, மார்க்கெட் பக்கத்துல இருக்கிற தியேட்டர்ல நாளைக்கு டிக்கெட் இருக்கு. எல்லாருக்கும் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

நாளைக்கு இதே ஒன்பது பேர் நடுவில் அந்த அம்மா எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது, ஜட்ஜம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை.

"போடாதீங்க. அங்கேயும் இருக்காது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தியேட்டர்ல எதையும் வெட்டலைம்மா. நான் சொன்னது பொய். எடிட்டர் என் தம்பி. அந்த சீன்ல ஜனங்க எந்திரிச்சு வந்துட்டாங்க, தூக்கிடுன்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன். அவங்க அழுதுட்டு வந்திருக்காங்க. பார்த்தும் எனக்குப் புரியல."

அந்த அம்மா வாய்க்குக் கொண்டுபோன காபி டம்ளரைத் தாழ்த்தினார்.

"அழுதாங்களா?"

"பதினோரு பேர்ம்மா."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

ஜட்ஜம்மா தலை குனிந்தாள். "நான் பார்க்கல. இங்கதான் நின்னுட்டிருந்தேன்."

"பார்த்துட்டு நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தா எனக்கு வருத்தமே இல்லம்மா" என்றார் அந்த அம்மா.

மணி அடித்தது. குடிக்காத காபியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்பது பேரையும் முன்னால் விட்டு, மீதிப் படத்தைப் பார்க்க அவரும் உள்ளே போனார்.