டீமேக்கர் மூக்குக்கு யூகலிப்டஸ்

என் வீட்டுக்காரர் இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டீமேக்கர். அரைத்துப் பரப்பிய கொழுந்து புளித்துப் பதமாகிவிட்டதா என்று குனிந்து மோந்து சொல்ல வேண்டும். சம்பளமும் குவார்ட்டர்ஸும் அந்த மூக்குக்குத்தான். தேயிலைத் தூசி சும்மா விடுமா? வருடக்கணக்காக மூக்கடைப்பு, தும்மல். நிறத்தைப் பார்த்தும் கையால் தொட்டும் சமாளித்துவந்தார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குத் தெரிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

தோட்டத்து டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குப்பியொன்றைக் கொடுத்தார். உள்ளே யூகலிப்டஸ் தைலம் கலந்த மருந்து.

"ரெண்டு மூக்குக்குள்ளையும் ஒருக்கா ஒருக்கா அடியுங்கோ. பயப்பிடாதேங்கோ."

சாயங்காலம் இவர் அடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அடுப்படிக்கு வந்து, "கருவாடா பொரிக்கிற?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் சட்டி ஆறும்வரைகூட நிற்கவில்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் வாசனை எதுவும் ஆகாது. எந்த வாடையையும் தேயிலை இழுத்துக்கொள்ளும். மல்லிகைப்பூ வைத்து வந்த பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பிய மனுஷன் இவர். இப்போது இவரே தைல வாடையோடு கொழுந்தின்மேல் குனியப் போகிறார்!

"குளிச்சிட்டுப் போங்க," என்றேன்.

"மூக்குக்குள்ளயா குளிக்கிறது?" என்று எரிந்து விழுந்தார்.

மருந்தில்லாமல் போனால் மோப்பம் கிடையாது. விடியுமுன் அடித்துக்கொண்டுதான் போனார்.

அன்று செய்த தேயிலையை மறுநாள் காலை துரை உறிஞ்சித் துப்பிப் பார்ப்பார். நான் சோற்றைத் தீயவிட்டேன். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். மறுநாள் மத்தியானம் இவர் வெளிறிப்போய் வந்தார்.

"என்னங்க சொன்னாரு?"

"ஒரு கோப்பைய ரெண்டு தரம் குடிச்சாரு. துப்பவே இல்ல."

"ஐயோ!"

"கச்சான் காத்து வர்றதுக்கு முந்தியே சீசன் வாசம் வந்துருச்சேன்னு கையப் புடிச்சுக் குலுக்கினாரு."

கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊவாப் பக்கத்துத் தேயிலைக்குக் குளிர்ந்த வாசமொன்று ஏறும். அதற்குத்தான் நல்ல விலை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கும் இதே மாதிரி வேணுமாம். அது இலையோட வாசமா, இந்தக் குப்பியோட வாசமா? மூக்குக்குள்ள இத வச்சுக்கிட்டு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மறுநாள் விடியுமுன் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடிக்கவும் பயம், அடிக்காமல் போகவும் பயம். ஸ்டோர் சங்கு ஊதியது. நான் குப்பியைப் பிடுங்கி, "தலைய நிமித்துங்க," என்று நானே அடித்துவிட்டேன்.