முப்பத்து நாலாவது தலை

மரக்காணத்தில் லிப்ட் வைத்த முதல் வீடு என்னுடையது. அதற்கு முன்னால் ஓட்டை லாரி ஒன்று வாங்கினேன். அது ஏழு லாரி ஆயிற்று. அயோடின் கலந்து உப்பைப் பாக்கெட் போடும் ஷெட் கட்டினேன். புயல் அதன் கூரையைத் தூக்கிக்கொண்டுபோய் உப்பங்கழியில் போட்டது. மறு மாதமே அதைவிடப் பெரிய கூரை போட்டேன். கடற்கரைச் சாலையில் ஐஸ் பேக்டரி, அதற்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம். 'படிக்காத ஆளுக்கு எப்படிங்க லோன் குடுக்கறது' என்று ஒரு பேங்க் மேனேஜர் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார். அவர் மகளின் கல்யாணம் என் மண்டபத்தில்தான் நடந்தது. வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இவ்வளவும் செய்தவனுடைய படிப்பு ஐந்து வகுப்பும் பதினோரு நாளும். அதென்ன பதினோரு நாள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர்களைப் பாராட்டி விழா எடுக்கிறார்கள். மேடையில் உட்காரப்போகிறவர்களில் என் அக்காவும் ஒருத்தி. வேதியியல் பேராசிரியர். செய்தி வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வேன் பேசிவிட்டேன். மாலைக்குச் சொல்லியாயிற்று, இரண்டு ஆள் தூக்கும் மாலை. மேடையில் இருக்கும் எல்லாப் பேராசிரியர்களுக்கும் கொடுக்க என் கம்பெனி உப்பு பாக்கெட்டையும் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். பொன்னாடை எல்லாரும்தான் கொடுப்பார்கள். உப்பு யார் கொடுப்பார்கள்?

இப்படிக் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் விழா மலரில் அக்காவைப் பற்றி அச்சாகப்போகும் பக்கத்தை போனில் அனுப்பினார்கள். பேத்தி வாசித்தாள். 'உப்பளத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, யாருடைய துணையுமின்றி, தனியொருவராகப் போராடி' என்று இருந்தது. நிறுத்து என்றேன். உடனே மலர்க் குழுவுக்கு போன் போட்டேன். ஒரு சின்ன வயசு லெக்சரர் எடுத்தார்.

"யாருடைய துணையுமின்றின்னு போட்டிருக்கீங்களே, அது யாரு சொன்னது?"

"சார், அது வழக்கமா எழுதறதுதான் சார்."

"அப்ப மேடையில இருக்கற அத்தினி பேரும் தனியாவே வந்துட்டாங்களா?"

அவர் பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுக் கேட்டார். பிறகு, "நடந்தத நீங்களே எழுதி அனுப்புங்க சார், மலர்ல சேத்துக்கறோம்" என்றார். நல்ல பிள்ளை. ஆகையால் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

அப்போது எங்கள் வீட்டிலிருந்து உப்பளத்துக்கு மூன்று தலை. அப்பா, அம்மா, அக்கா. தலை என்றால் எண்ணிக்கையில் உள்ள ஆள். மூன்று தலைக்கு ஒரு வரிசைப் பாத்தி. அதில் விளையும் உப்பைப் பலகையால் வாரி, கூடையில் சுமந்து, மேட்டில் கொட்ட வேண்டும். காலையில் ஒரு தரம், மத்தியானம் டீக்குப் பிறகு ஒரு தரம், மேஸ்திரி மடக்கிய குடையால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணுவார். முப்பத்து நாலு வர வேண்டும். ஒரு வீட்டில் ஒரு சீசனில் மூன்று நாள் தலை குறைந்தால் அவர்களுடைய வரிசை வேறு வீட்டுக்குப் போய்விடும். சின்னப் பிள்ளைகள் கூட வந்து ஒத்தாசை செய்யலாம். ஆனால் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள்.

அக்கா பிளஸ் டூ பாஸ் செய்திருந்தாள். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் போனதில்லை. மார்க் ஷீட் வாங்கப் போனதில் ஒரு நாள் தலை குறைந்தது. சர்டிபிகேட்டுக்காகத் திண்டிவனம் போனதில் இன்னொரு நாள். அதற்குப் பிறகு பாண்டிச்சேரிக் கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. நேர்காணலுக்குப் பத்து மணிக்குள் நேரில் வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

அப்பா அந்தக் கார்டை மடித்துக் கூரைக் கீற்றில் செருகினார். "உள்ளது ஒரே வரிசை. அது போயிட்டா நீ எதை வச்சுப் படிப்ப?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா மேஸ்திரியிடமே போய்ச் சண்டை போட்டாள். "எனக்கு மேல மொதலாளி இருக்காரும்மா. முப்பத்தி நாலு வரலன்னா என் தலை போவும்" என்று அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

விடிந்தால் நேர்காணல். அன்று சாயங்காலம் அக்கா என் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்து அன்றோடு பதினோரு நாள். அன்றுதான் புத்தகம் கொடுத்திருந்தார்கள். பழைய பேப்பரை மடித்து, ஓரத்தைச் சோற்றால் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் என் பெயரை அழகாக எழுதினாள். அழவில்லை. அழாமல் ஒருத்தி அவ்வளவு நேரம் ஒரு ஓரத்தையே அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உன் சட்டைய குடு. நாளைக்கு நான் போறேன்."

"உன்னை எண்ண மாட்டாருடா."

"என்னை எண்ண வேணாம். உன்னை எண்ணட்டும்."

இந்த யோசனை என்னுடையது. பத்து வயசுப் பையனுடையது. இதை மலரில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாம்.

வயதுக்கு மீறிய உயரம் எனக்கு, அக்காவோ குள்ளம். மறுநாள் விடிந்ததும் அப்பா பாத்திக்குத் தண்ணீர் திருப்ப முன்னாடியே போய்விட்டார். அம்மா என்னை உட்கார வைத்து அக்காவின் பாவாடையைக் கட்டினாள். அதற்கு மேலே அக்கா வேலைக்குப் போட்டுக்கொள்ளும் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றிக் கண்ணை மட்டும் விட்டாள். உப்பு வெள்ளையில் வெயில் அடித்தால் கண் கூசும், முகம் எரியும். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள்.

"வாயத் தொறக்காத. அக்கா மாதிரி நட."

"அக்கா எப்பிடி நடக்கும்?"

"மெதுவா."

"அது மட்டும் என்னால முடியாது."

அம்மா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். அக்கா நல்ல தாவணியைக் கட்டிக்கொண்டு, பைலை நெஞ்சோடு அணைத்தபடி, பின்பக்க வழியாக பஸ்ஸுக்கு ஓடினாள்.

காலை எண்ணிக்கை. குடை முனை வரிசையாக வருகிறது. "முப்பத்திரெண்டு" அப்பா. "முப்பத்தி மூணு" அம்மா. குடை என் நெஞ்சுக்கு நேராக வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் கூனிமேடு வரை கேட்டிருக்கும்.

"முப்பத்தி நாலு."

அப்போதுதான் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கையிலிருந்த பலகை பாத்தியிலேயே நின்றுவிட்டது.

"இன்னா பாக்கற? வேலையப் பாரு" என்றாள் அம்மா.

பலகை மறுபடி நகர்ந்தது. அதற்கப்புறம் அன்று முழுக்க அப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் சிரிப்பு வந்துவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கூடையைத் தலையில் ஏற்றினாள் அம்மா. ஈர உப்பு. தண்ணீர் சொட்டிக் கண்ணில் இறங்கியது. ஆனால் எனக்கிருந்த குஷியில் நடக்க முடியவில்லை, ஓடினேன். போகும்போதும் ஓட்டம், வரும்போதும் ஓட்டம். அம்மாவின் தங்கை, என் சித்தி, பக்கத்து வரிசை. அவளுக்கு விஷயம் தெரியும்.

"ஏய் காலேஜு! இன்னா இன்னிக்கு இந்த ஓட்டம் ஓடற? பஸ்ஸு புடிக்கணுமா?"

பெண்களெல்லாம் துண்டுக்குள் சிரித்தார்கள். நான் இன்னும் வேகமாக ஓடிக் காட்டினேன். வரப்பில் பாவாடை காலில் சிக்கி, கூடையோடு பாத்திக்குள் குப்புற விழுந்தேன். முழங்கால் தோலும் உள்ளங்காலும் கிழிந்தன. கிழிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். கத்துவதற்குள் அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். மேஸ்திரி வந்துவிட்டார்.

"யாரு வுழுந்தது?"

"பொண்ணுதான். கால் இடறிச்சு."

"இன்னாம்மா, காலேஜ் கார்டு வந்துதுன்னு சொன்ன, போவலியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு மேஸ்திரி" என்றாள் சித்தி.

"நேத்து சாயந்தரம் எங்கிட்ட நல்லா மல்லுக்கு நின்னுச்சே?"

"அதுலதான் கட்டிக்கிச்சு."

மேஸ்திரி மூக்கால் ஒரு சத்தம் போட்டுவிட்டு நகர்ந்தார்.

மத்தியானம் டீ வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அம்மாவின் தம்ளரில் மிச்சம்தான் கிடைக்கும். தலைக்கு ஒரு முழுத் தம்ளரும் ஒரு முழு பன்னும். எனக்கு முழுத் தம்ளர்! முழு பன்! திரும்பி உட்கார்ந்து, துண்டைக் கொஞ்சமாக விலக்கி, ரத்தம் வடிகிற காலோடு சாப்பிட்டேன். அக்காவுக்குப் போர்த்தப்போகிற பொன்னாடையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த பன்னுக்கு அது ஈடாகாது.

இரண்டாவது எண்ணிக்கையில் குடை என் முன்னால் வந்து நின்றது. "முப்பத்தி" என்றவர் நிறுத்திவிட்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். உப்பளத்துக் கால் தெரியுமா? காய்ந்து, தடித்து, வெளுத்துப்போய், வெடிப்பு விட்டு இருக்கும். என் கால் பள்ளிக்கூடத்துக் கால். அவர் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து வாரிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகைப் பார்த்தார். குடை அங்கேயே நின்றது. அம்மாவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

"நாலு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஏமாற்றிவிட்டோம்! எத்தனை பெரிய மேஸ்திரி, அவரையே ஏமாற்றிவிட்டேன்!

பொழுது சாய அக்கா வந்து இறங்கினாள். கையில் சீட்டு. கெமிஸ்ட்ரியில் இடம், ஹாஸ்டலும் உண்டு. வாசலில் கால் வைக்கும் முன்பே, "எண்ணினாரா?" என்று கேட்டாள்.

"உன்னை ரெண்டு வாட்டி எண்ணிட்டாரு!"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். நான் விழுந்ததை மூன்று தரம் நடித்துக் காட்டினேன். மூன்றாவது தரம் அப்பாவும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் சைக்கிள் மணி. மேஸ்திரி. பிரம்மதேசத்துக்கு வீடு திரும்புகிற வழியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். இறங்கவில்லை. அக்காவைப் பார்த்தார், அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், பிறகு அப்பாவிடம் சொன்னார்:

"பொண்ணு கெளம்பிடுச்சின்னா உனக்கு மூணாவது தலை வேணுமில்ல? இன்னிக்கு வந்த தலை நாளைக்கும் வரட்டும். பாவாடை வேணாம்ப்பா. டிரவுசரோடவே வரச்சொல்லு. எண்ணிக்கிறேன்."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆடு மிரண்டு ஓடியது. பத்து வயதில் எண்ணிக்கையில் சேர்ந்தவன் அந்த உப்பளத்தில் யார்? நான் ஒருவன்தான்! அப்பா மேஸ்திரியைக் கையெடுத்துக் கும்பிட்டார். சைக்கிள் திருப்பத்தைத் தாண்டிப் போன பிறகும் அந்தக் கை கீழே இறங்கவில்லை.

"ஒரு சீசன்தானேம்மா?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான்தான் சொன்னேன்: "எல்லா சீசனும் நான்தான் போவேன்!"

சொன்னபடியே போனேன்.

அக்கா ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று தகரப் பெட்டியில் சாமான் அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில் என் ஆறாம் வகுப்புப் புத்தகங்களை வைத்தாள். பேப்பர் அட்டை, மேலே என் பெயர், உள்ளே திறக்காத பக்கங்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"லூசு அக்கா, காலேஜ்ல ஆறாங்கிளாஸ் புக்கு யாரு படிப்பாங்க?"

அவள் பெட்டியைப் பூட்டினாள். என் புக்கைத் திருடிக்கொண்டு போகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். "எடுத்துக்கட்டும் உடு" என்றாள் அம்மா. அவ்வளவு நல்ல ஜோக்குக்கு அந்த வீட்டில் ஒருவர்கூட ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அது புரிந்தபோது என்னிடம் மூன்று லாரி இருந்தது.

ஆகவே, மலர்க் குழுவினருக்கு: 'யாருடைய துணையுமின்றி' என்பதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், 'இவர் நேர்காணலுக்குப் போன நாளில் இவருக்குப் பதிலாக நின்று எண்ணப்பட்டவர் இவருடைய தம்பி' என்று போடுங்கள். இடம் இருந்தால் மேஸ்திரியைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்; என் வரிக்குக் கீழே. ஒரு பேராசிரியருக்கு இரண்டு பாஸ்தான் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரிலிருந்து முப்பத்து நாலு பேர் வருகிறோம். வாசலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

என் பெயரை முழுதாகப் போட வேண்டும். பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுவது உங்கள் வழக்கம் என்றால் அதையும் போடுங்கள்: ஐந்து வகுப்பும் பதினோரு நாளும்.