இரண்டு பைகள்

அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. பள்ளி அவருக்குக் கொடுத்த நாற்காலி பல வருடம் கழித்தும் பிளாஸ்டிக் உறை பிரியாமல் புதுப்பெண்ணாக இருந்தது. கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு கோடுதான் விழுந்திருக்கும். பக்கத்தில் மனைவி அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நம்பாதவர்கள் அவர் வீட்டுச் சுவரைப் பார்க்கலாம்.

அப்படிப்பட்டவரையும் உட்கார வைக்கும் வேலை ஒன்று உண்டு. பள்ளிகளுக்கிடையே நடக்கும் மல்யுத்தப் போட்டிக்கு டிரா போடுவது. யார் யாரோடு மோதுவது என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். பலசாலிகள் இருவர் முதல் சுற்றிலேயே மோதி, ஒருவர் மூட்டை கட்டிவிடக் கூடாது. அதனால் போன வருட வெற்றிகளைப் பார்த்து தரவரிசை கொடுத்து, 'முதல் சீடு' ஆனவரை மேல் கோடியிலும் 'இரண்டாம் சீடு' ஆனவரைக் கீழ்க் கோடியிலும் வைப்பார்கள், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப் பந்தியில் பிரித்து உட்கார வைப்பதுபோல. ஆள் குறைந்தால் மிஞ்சும் கட்டத்தில் 'பை' என்று எழுதுவார்கள். பைக்கு எதிரே இருப்பவருக்கு முதல் சுற்றில் சண்டை கிடையாது. அந்தச் சலுகை முதல் சீடுக்குத்தான் போகும்.

அந்த வருடம் அந்த வேலையும் அவரை உட்கார வைக்கவில்லை. பெண்கள் பிரிவில் எட்டுக் கட்டம், ஏழு பேர். முதல் சீடு வேறொரு பள்ளியின் பீரோ. நகர்த்தவும் முடியாது, திறக்கவும் முடியாது என்பதால் வந்த பெயர். இரண்டாம் சீடு பம்பரத்தின் அக்கா மகள். தையல்காரியான அம்மா தைத்துக் கொடுத்த பெரிய பையைத் தோளிலிருந்து இறக்காததால் அவள் பெயரே பை என்றாகிவிட்டது. ஒரு மழைநாளில் பாதி வகுப்பு அதற்குள் ஒதுங்கியதாகக் கேள்வி. இறுதிச் சுற்றுக்கு வரும் இருவருக்கும் விளையாட்டு விடுதியில் இடம் உண்டு. அந்த இடம்தான் அவள் கனவு.

"இவளைக் கீழ்க் கோடியில வெச்சா, மாமன் போட்ட டிரான்னு பேசுவாங்கக்கா. சீட்டுக் குலுக்கிப் போட்டுரட்டுமா?" அக்காவின் தையல் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தபடி கேட்டார்.

"உக்காந்து பேசுடா, கழுத்து வலிக்குது. போன வருஷம் அவ ஜெயிச்சப்ப எதிராளியை நீயா புடிச்சுப் படுக்க வெச்ச?"

"இல்லதான்..."

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுக்குப் பயந்து இவ வாய்ப்பை மூடாத."

மூலையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த பை கேட்டது முதல் பாதியை மட்டும். மீதியைக் கயிற்றுச் சத்தம் விழுங்கிவிட்டது.

பம்பரம் நியாயமாகவே டிரா போட்டார். ஆனால் நடந்துகொண்டே போட்டார். நடக்கிற கைக்கு முழுப்பெயர் ஓடாது. மேலே 'பீரோ – பை', கீழே 'கொசு – பை' என்று பட்டப்பெயர்களாகவே கிறுக்கி, பள்ளி எழுத்தரம்மாவிடம் கொடுத்துவிட்டு மேட் விரிக்க ஓடினார். எழுத்தரம்மாவுக்கு எல்லாப் பட்டப்பெயரும் அத்துப்படி. இரண்டு பையில் ஒன்று பெண், ஒன்று வெறும் பை என்பதும் புரிந்தது. வெறும் பை எப்போதும் கடைசியில்தான் வரும் என்று அவராக முடிவுகட்டி, பெண்ணை மேலே ஏற்றித் தட்டச்சு செய்துவிட்டார்.

மறுநாள் காலை அரங்கச் சுவரில் டிரா ஒட்டியிருந்தது. பம்பரம் அதைப் பார்த்தார். முதல் சுற்றிலேயே பீரோவுக்கு எதிரே அக்கா மகள்.

பீரோவின் பயிற்சியாளர் வந்து கையைக் குலுக்கினார். "பெரிய மனசு சார் உங்களுக்கு. சொந்தக்காரப் பொண்ணுன்னும் பாக்காம பீரோவுக்கு அடியில வெச்சுட்டீங்களே. உங்களைப் போய் என்னமோன்னு நெனச்சிருந்தேன்."

இந்த நற்பெயருக்குத்தானே இத்தனை நாள் சுழன்றார்? இப்போது வாயைத் திறந்தால் அது போய்விடும். அரங்கைச் சுற்றினார். தாகமில்லாமல் தண்ணீர் குடித்தார். சரியாக இருந்த மேட்டை இழுத்துக் கோணலாக்கி, மறுபடி சரி செய்தார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் அக்கா மகளிடம் வந்து நின்றார். அவள் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டிரா பாத்தியா?"

"பாத்தேன் மாமா." நிமிரவில்லை. "சீட்டுக் குலுக்கலாம்னு சொன்னப்பவே தெரியும். நீங்க என்ன பண்ணுவீங்க, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"நான் அப்படிப் போடலம்மா."

"யார் போட்டா என்ன. விழுந்தாலும் எனக்கென்ன மீசையா இருக்கு, மண்ணு ஒட்ட?"

பம்பரத்தின் கை தானாக மீசைக்குப் போனது. அங்கிருந்து நேரே நடுவர் மேசைக்குப் போய் மைக்கைப் பிடுங்கியது.

"டிராவுல தப்பு. மேல இருக்கற பை என் அக்கா மகள் இல்ல, வெறும் பை. கீழ இருக்கற வெறும் பைதான் என் அக்கா மகள்."

அரங்கத்தில் பாதிப் பேர் குனிந்து தத்தம் பைகளைத் தடவிப் பார்த்தார்கள்.

"ஆஹா, வந்துருச்சு பாசம்," என்றார் பயிற்சியாளர். "போட்டி நாளன்னிக்கு டிராவைத் திருத்தறீங்க. மாமன் கை ரொம்ப நீளம்."

நடுவர் தயங்கினார். அப்போது பீரோ மெதுவாக எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனை தரைக்கு இறங்கியது.

"சார், முதல் சீடு நான்தானே? எனக்கு வர வேண்டிய பை எங்க?"

"நீ சும்மா இரு," என்றார் பயிற்சியாளர்.

"பை வந்தாதானே சார் சும்மா இருக்க முடியும்?"

நடுவர் சிரித்துவிட்டு, பேனாவை எடுத்துத் திருத்தினார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் டிரா இவர் கையில இருக்காது. பாத்துக்கறேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார்.

பை அன்று கொசுவை அடித்தாள். அடுத்து வந்தவளையும் சாய்த்தாள். இறுதிச் சுற்றில் பீரோவோடு மோதித் தோற்றாள். ஆனால் பீரோவை ஒரு தடவை நகர்த்திக் காட்டினாள். அரங்கமே நகர்ந்ததாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மூச்சிரைக்க மாமாவைத் தேடி வந்தவள் திகைத்து நின்றாள். பம்பரம் உட்கார்ந்திருந்தார். தரையில், அவளுடைய பைமேல், அசையாமல்.

"எந்திரிங்க மாமா," என்றாள். "விடுதிக்கு அந்தப் பையைத்தான் கொண்டு போகணும்."