மைதானத்துக்கு வாங்க

பாப்பா, தம்பி, இது உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுவது. பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஓடியாடி விளையாட வேண்டும் என்று இனி யார் மேடையில் பேசினாலும், "எங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்கு அதைக் கேட்காமல் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

வல்லம் வடகால் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக அசெம்ப்ளி லைனில் நிற்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் கம்பெனிக்குள் ரோட்டை ஒட்டி ஒரு மைதானம் இருக்கிறது. கோடையிலும் தண்ணீர் விட்டுப் பச்சையாக வைத்திருப்பார்கள். அதில் யாரும் விளையாடி நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள்.

அங்கேதான் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கே பஸ் வந்தது. ஆளுக்கொரு மஞ்சள் பனியன், தொப்பி, ஜூஸ். பெரிய மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"செல்போனைக் கீழ வைங்க. மைதானத்துக்கு வாங்க. வேர்க்க வேர்க்க விளையாடுங்க!"

பாப்பா, நீயும் உன் செட்டுப் பெண்களும் கபடி ஆடினீர்கள். நீ ஒருத்தியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் தாவினது போட்டோக்காரருக்குச் சரியாக விழவில்லை என்று மறுபடி தாவச் சொன்னார். நீயும் தாவினாய். தம்பி புல்லில் புரண்டே பனியனைப் பச்சையாக்கினான். வீட்டுக்கு வரும்போது நீ சொன்னாய்: "இங்க வுழுந்தா அடியே படலப்பா. இந்த மாதிரி எடத்துல ஆடினா ஸ்கூல் டீம்ல என்னைக் கண்டிப்பா எடுப்பாங்க." உன் பள்ளிக்கூடத்தில் சிமெண்ட் தரை. நம் தெருவும் சிமெண்ட்.

மறுநாளே நீங்கள் ஐந்து பெண்கள் கம்பெனி கேட்டுக்குப் போயிருக்கிறீர்கள். வந்து நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னாம்மா வோணும்?" என்று செக்யூரிட்டி கேட்டாராம்.

"விளையாட வந்தோண்ணா."

"யாரு வரச்சொன்னது?"

"உங்க சாருதான். நேத்து மைக்ல கூப்பிட்டாரே."

அவர் சிரித்துவிட்டாராம். "அது நேத்தும்மா. பந்தலே பிரிச்சாச்சு. வூட்டுக்குப் போங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். "அப்பா, அவரு சும்மா சொன்னாரா?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் லைனுக்கே வந்தார்.

"கேட்டாண்ட வந்தது உன் பொண்ணாமே?"

"ஆமா சார். ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் விட்டா..."

"கை கால் ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது? உன் வேலைய நீ பாத்துக்கோ. பொண்ணுகிட்ட சொல்லி வையி."

அவர் போனதும் பக்கத்தில் நிற்கிற ஆள் சொன்னான்: "இன்னாபா நீ, விவரமே இல்லாம கேக்கற? அந்தப் புல்லு பர்மனென்ட்டு. நீ கான்ட்ராக்ட்டு." லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அந்த வாரம் முழுக்க நீ செல்போனோடு உட்கார்ந்திருந்தாய். "எப்பப் பாரு போனு!" என்று கத்தினேன். "எங்க போறதுன்னு சொல்லு, போறேன்" என்றாய். ரோட்டில் கன்டெய்னர் லாரி, தெருவில் சிமெண்ட், கம்பெனியில் பூட்டு. எந்த இடத்தைச் சொல்ல?

பிறகு நீங்களாகவே ஒரு இடம் கண்டுபிடித்தீர்கள். படப்பை ரோட்டில் விற்காமல் கிடக்கிற மனைகள். மண் நல்ல மண், ஆனால் நடுநடுவே எல்லைக்கல் நட்டிருக்கிறது. இரண்டு வாரம் ஆடினீர்கள். அதற்குள் உன் கூட்டாளி ஒருத்தி கல்லில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். அவள் அம்மா நம் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"காலு போச்சுன்னா நாளைக்கு யாரு கட்டிப்பான்? என் பொண்ணை இனிமே கூப்புடாத!"

அடுத்த நாள் மற்ற பெண்களும் வரவில்லை. "ஒருத்தியா எப்படிப்பா கபடி ஆடறது?" என்று கேட்டாய். அழுதிருந்தால்கூடத் தேவலை. நீ செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

அன்று சாயங்காலம் பழைய சாமான் கடையில் பேக்கிங்குக்கு வருகிற தடித்த ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக் கயிறும் வாங்கினேன். உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை. ஞாயிறு விடிவதற்குள் மனைக்குப் போய், நீங்கள் ஆடுகிற இடத்தில் இருந்த கல் ஒவ்வொன்றுக்கும் ஸ்பாஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கல்லைப் பிடுங்கி எறிய எனக்குத் தைரியம் இல்லை. அது அடுத்தவன் எல்லை. மனை விற்றால் வீடு வரும், இந்த இடமும் போகும். அதுவரைக்குமாவது ஆடுங்கள்.

கடைசிக் கல்லைக் கட்டிவிட்டு, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதன்மேல் என் முழங்காலை ஓங்கி மோதினேன். கொஞ்சம் வலித்தது. கயிற்றை அவிழ்த்து, ஸ்பாஞ்சை இன்னொரு சுற்று சுற்றினேன்.